அண்டம் விரியும் கணக்கு: பத்து வரி அட்டவணையில் போட்டுப் பார்க்க முழுமையான வழிகாட்டி

அண்டம் விரிகிறது என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். எவ்வளவு வேகமாக விரிகிறது, எப்போது தொடங்கியது, இனி என்ன ஆகும் என்பதையெல்லாம் ஒரே ஒரு சமன்பாட்டை வைத்து நாமே கணக்கிடலாம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. பிளஸ் டூ கணிதமும், வர்க்கமூலம் போடத் தெரிந்த ஒரு கால்குலேட்டரும் போதும். எக்செல் தெரிந்தால் இன்னும் சுலபம். திருப்பூர் கம்பெனிக் கணக்குக்கு எக்செல் போடுகிற கை இதற்குத் தாராளமாகப் போதும்.

கோபி, பவானி, சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வரும் கல்லூரி மாணவர்களுக்கு வாரக்கடைசிகளில் நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. இணையத்தில் கிடைக்கும் தயார் நிரலை ஓட்டினால் அரை நொடியில் விடை வந்துவிடும். ஆனால் அந்த விடை எங்கிருந்து வந்தது என்று ஓட்டியவருக்குத் தெரியாது. அதனால் முதல் தடவை கையால் போடுங்கள் என்றே எல்லோரிடமும் சொல்வேன். பாடநூல்கள் ரோமன், கிரேக்க எழுத்துகளில் தரும் குறியீடுகளுக்கு இங்கே தமிழ் எழுத்துகளையே வைத்திருக்கிறேன்.

படி 1: எதை அளக்கப் போகிறோம்?

உள்ளாடை இடுப்புக்கு வைத்துத் தைக்கும் எலாஸ்டிக் டேப் ஒரு முழம் எடுத்து, 2 செ.மீ.க்கு ஒன்றாகச் சட்டைப் பொத்தான்களைத் தைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே நொடியில் இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுங்கள். ஏதாவது ஒரு பொத்தானில் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பொத்தான் 2 செ.மீ.யிலிருந்து 4 செ.மீ.க்குப் போனது, அதாவது 2 செ.மீ. விலகியது. ஐந்தாவது பொத்தான் 10-லிருந்து 20-க்குப் போனது, அதாவது அதே நொடியில் 10 செ.மீ. விலகியது. தூரம் ஐந்து மடங்கு என்றால் வேகமும் ஐந்து மடங்கு. எந்தப் பொத்தானில் நின்றாலும் இதே கணக்குத்தான் வரும்; நடுப்பொத்தான் என்று தனியாக ஒன்று கிடையாது. பொத்தான்கள் டேப்பின் மேல் ஊர்ந்து போகவில்லை, பொத்தானின் அளவும் மாறவில்லை. இடையில் இருக்கும் டேப் மட்டும்தான் நீண்டது.

கேலக்ஸிகள்தான் பொத்தான்கள், இடம்தான் டேப். டேப் எத்தனை மடங்காகியிருக்கிறது என்று சொல்லும் எண்ணுக்கு அளவுக் காரணி என்று பெயர். அதை 'அ' என்போம். இன்றைக்கு அ = 1. எல்லாத் தூரங்களும் இன்றுள்ளதில் பாதியாக இருந்த காலத்தில் அ = 0.5. தொடக்கத்தில் அ சுழியை நெருங்கும். மொத்த அண்டத்தின் வரலாறும் இந்த ஒரு எண் காலத்தோடு எப்படி மாறியது என்பதில் அடங்கிவிடுகிறது. பெரிய அளவில் பார்த்தால் அண்டம் எல்லா இடத்திலும், எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இருக்கிறது என்ற எடுகோளால்தான் இப்படி ஒரே எண்ணில் முடிகிறது.

இதை எப்படி அளக்கிறார்கள்? தொலைவிலிருந்து கிளம்பிய ஒளி வந்து சேர்வதற்குள் இடம் விரிந்துவிடுவதால், ஒளியின் அலைநீளமும் அதே அளவுக்கு நீள்கிறது. இந்தச் செம்பெயர்ச்சியை 'செ' என்றால்:

1 + செ = 1 / அ

செ = 1 என்று அளந்த கேலக்ஸியின் ஒளி, அ = 0.5 ஆக இருந்தபோது கிளம்பியது. இதற்கு மேல் எந்த மாதிரியும் தேவையில்லை. செம்பெயர்ச்சியை அளந்தாலே அன்றைய அ கிடைத்துவிடும்.

படி 2: விரியும் வீதம்

அ மாறும் வேகத்தை அ-ஆல் வகுத்தால் கிடைப்பது ஹபிள் வீதம், 'ஹ'. விலகும் வேகம் = ஹ × தூரம். எட்வின் ஹபிள் 1929-ல் இதை அளவீடுகளோடு வெளியிட்டார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1927-ல், ஜார்ஜ் லெமேத்ர் இதே உறவைக் கோட்பாட்டிலிருந்து வருவித்திருந்தார். ஹபிளுக்குக் கிடைத்த மதிப்பு மெகாபார்செக்குக்கு விநாடிக்கு சுமார் 500 கி.மீ. இன்று நாம் ஏற்கும் மதிப்பு ஏறத்தாழ 70. தூரத்தை அளக்கப் பயன்பட்ட விண்மீன்களின் பிரகாசத்தை அன்று குறைத்து மதிப்பிட்டதுதான் இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம்.

அலகை மாற்றிப் பாருங்கள். ஒரு மெகாபார்செக் என்பது 3.086 × 10¹⁹ கி.மீ. (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு). 70-ஐ இதால் வகுத்தால் கி.மீ. அடிபட்டுப்போய், விநாடிக்கு 2.27 × 10⁻¹⁸ என்று மிஞ்சும். இதன் தலைகீழி 4.41 × 10¹⁷ விநாடி. ஒரு ஆண்டுக்கு 3.156 × 10⁷ விநாடி என்று வகுத்தால் 1397 கோடி ஆண்டு. இந்த எண்ணைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹபிள் காலம் என்று இதற்குப் பெயர்; கடைசி வரை இது வந்துகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் பெரும்பாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஏனுங்க சார், அப்பக் கோயமுத்தூரும் பொள்ளாச்சியும் வெலகிப் போயிட்டிருக்குங்களா?" நல்ல கேள்வி, போட்டே பார்க்கலாம். 40 கி.மீ. தூரத்தை 2.27 × 10⁻¹⁸-ஆல் பெருக்கி ஓராண்டு விநாடிகளாலும் பெருக்கினால் ஆண்டுக்கு 3 மைக்ரான்கூட வராது. உண்மையில் அதுவும் நடப்பதில்லை. பூமியை அதன் ஈர்ப்பும் பாறையின் பிணைப்பும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சூரியக் குடும்பம், நம் பால்வெளி எல்லாமே அப்படித்தான். கேலக்ஸிக் கூட்டங்களுக்கு இடையிலுள்ள பெருவெளியில்தான் விரிவு நடக்கிறது.

படி 3: சமன்பாட்டை வருவித்தல்

இதை அவசரமில்லாமல் செய்யுங்கள். எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

விரியும் அண்டத்தில் ஒரு பெரிய கோளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆரம் 'ர', உள்ளே இருக்கும் நிறை 'நி', விளிம்பில் ஒரு கேலக்ஸி. கோளத்துக்கு வெளியே உள்ள பொருள் எல்லாத் திசையிலும் சமமாக இழுப்பதால் அதன் விளைவு அடிபட்டுவிடும். ஆகவே விளிம்புக் கேலக்ஸியை உள்ளே இருக்கும் நிறை மட்டும்தான் இழுக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் படித்த ஆற்றல் மாறாக் கோட்பாட்டை எழுதுவோம் (ஜி என்பது ஈர்ப்பு மாறிலி):

½ × வேகம்² − ஜி × நி / ர = மாறிலி

வேகம் = ஹ × ர. நிறை = (4/3) × பை × ர³ × அடர்த்தி. இரண்டையும் போட்டு, இருபுறமும் ர²-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்குங்கள்:

ஹ² = (8 × பை × ஜி × அடர்த்தி) / 3 + மாறிலி / அ²

ஃபிரீட்மன் சமன்பாடு இதுதான். அலெக்சாண்டர் ஃபிரீட்மன் 1922-ல் இதை ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலிலிருந்து வருவித்தார். நியூட்டனின் வழியில் போனாலும் இதே வடிவம் கிடைக்கும் என்று 1934-ல் மெக்ரேயும் மில்னும் காட்டினார்கள். நியூட்டன் வழியில் வெறும் ஆற்றலாக வந்த அந்த மாறிலிக்கு, பொதுச் சார்பியலில் இடத்தின் வளைவு என்று பொருள். அந்த ஒன்றை மட்டும் நியூட்டன் வழி சொல்லித்தராது.

மாறிலி சுழியாக, அதாவது இடம் தட்டையாக இருக்க வேண்டுமானால் அடர்த்தி எவ்வளவு இருக்க வேண்டும்? 3ஹ² / (8 × பை × ஜி). எண்களைப் போட்டால் கன மீட்டருக்கு 9.2 × 10⁻²⁷ கிலோ. ஒரு கன மீட்டரில் ஐந்தாறு ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான். இதற்கு மாறுநிலை அடர்த்தி என்று பெயர். அண்டத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்பதை இனி இதன் பங்காகவே சொல்வோம்.

படி 4: அண்டத்தில் என்னென்ன இருக்கிறது

விரியும்போது ஒவ்வொன்றின் அடர்த்தியும் ஒவ்வொரு விதமாகக் குறைகிறது. சாதாரணப் பொருளும், ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் இருள் பொருளும் கன அளவு கூடுவதற்கேற்ப அ³-ஆல் வகுபடும். கதிர்வீச்சு அதோடு நிற்காது. ஒவ்வொரு ஒளித்துகளின் அலைநீளமும் நீள்வதால் இன்னொரு அ சேர்ந்து அ⁴-ஆல் வகுபடும். விரிவை முடுக்கும் இருள் ஆற்றல், அதன் எளிய வடிவில், குறையவே குறையாது. இடம் எவ்வளவு விரிந்தாலும் கன மீட்டருக்கு அதே அளவு இருக்கும். அண்டம் நிலையாக நிற்க வேண்டும் என்பதற்காக ஐன்ஸ்டைன் 1917-ல் சேர்த்த மாறிலிதான் இன்று இந்த வேறு வேலைக்கு வந்து நிற்கிறது.

இன்றைய பங்குகளைப் பொருளுக்கு 'ப', கதிர்வீச்சுக்கு 'க', இருள் ஆற்றலுக்கு 'இ', வளைவுக்கு 'வ' என்று குறித்தால்:

(ஹ / இன்றைய ஹ)² = க/அ⁴ + ப/அ³ + வ/அ² + இ

நான்கு பங்குகளும் கூடி 1 வர வேண்டும். இன்று க பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. செம்பெயர்ச்சி 3500-ஐ ஒட்டிய காலத்துக்கு முன்புதான் அதன் ஆட்சி. வயதுக் கணக்கில் அதை விட்டுவிடலாம். வளைவும் அளவீடுகளின்படி சுழிக்கு மிக அருகில். எனவே ப = 0.3, இ = 0.7 என்று எடுத்துக்கொள்வோம்.

படி 5: பத்து வரி அட்டவணை

அ ஒரு சிறு துண்டு கூட எவ்வளவு காலம் பிடிக்கும்? துண்டின் நீளத்தை, அ கூடும் வேகத்தால் வகுத்தால் வரும் காலம். அந்த வேகம் அ × ஹ. மேலே உள்ள சமன்பாட்டை அ²-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைத்துவிடும்:

வேகம் = √(0.3/அ + 0.7 × அ²)

0-விலிருந்து 1 வரை பத்துத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் நடுப்புள்ளியிலும் இதைக் கணக்கிடுங்கள். எல்லாம் ஹபிள் காலத்தின் அலகில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

| அ | 0.3/அ | 0.7அ² | கூட்டல் | வர்க்கமூலம் (வேகம்) | தலைகீழி |
|---|---|---|---|---|---|
| 0.05 | 6.000 | 0.002 | 6.002 | 2.450 | 0.408 |
| 0.15 | 2.000 | 0.016 | 2.016 | 1.420 | 0.704 |
| 0.25 | 1.200 | 0.044 | 1.244 | 1.115 | 0.897 |
| 0.35 | 0.857 | 0.086 | 0.943 | 0.971 | 1.030 |
| 0.45 | 0.667 | 0.142 | 0.808 | 0.899 | 1.112 |
| 0.55 | 0.545 | 0.212 | 0.757 | 0.870 | 1.149 |
| 0.65 | 0.462 | 0.296 | 0.757 | 0.870 | 1.149 |
| 0.75 | 0.400 | 0.394 | 0.794 | 0.891 | 1.122 |
| 0.85 | 0.353 | 0.506 | 0.859 | 0.927 | 1.079 |
| 0.95 | 0.316 | 0.632 | 0.948 | 0.973 | 1.027 |

கடைசிப் பத்தியைக் கூட்டினால் 9.677. துண்டின் நீளம் 0.1-ஆல் பெருக்கினால் 0.968. அதை 1397 கோடியால் பெருக்கினால் அண்டத்தின் வயது 1352 கோடி ஆண்டு!

தொகையீட்டைச் சூத்திரமாகவே தீர்த்தால் 0.9641, அதாவது 1347 கோடி. பத்தே வரியில் பிழை அரை சதவீதத்துக்கும் கீழே. அந்தப் பிழையிலும் பெரும்பங்கு முதல் வரியில்தான் இருக்கிறது. அங்கே வேகம் கிடுகிடுவென்று மாறுவதால் ஒரே நடுப்புள்ளி போதவில்லை. எக்செல்லில் நூறு வரி போட்டால் அதுவும் கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

இப்போது வேகப் பத்தியை மேலிருந்து கீழே ஒருமுறை படியுங்கள். 2.450-ல் தொடங்கிக் குறைந்துகொண்டே வருகிறது. 0.55-க்கும் 0.65-க்கும் நடுவில் அடிமட்டம் தொடுகிறது. அப்புறம் ஏறத் தொடங்குகிறது. பொருளின் ஈர்ப்பு பிரேக் போட்டுக்கொண்டிருந்த காலம் முடிந்து, இருள் ஆற்றல் முடுக்க ஆரம்பித்த இடம் இது. துல்லியமாக அ = 0.598. அந்த இடம் வரையான காலத்தைக் கூட்டினால் சுமார் 735 கோடி ஆண்டு. அதாவது இன்றைக்கு ஏறத்தாழ 610 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பூமி பிறந்தே 454 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. 2011-ல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு ஒரு கால்குலேட்டர் பத்தியில் கண்ணுக்கு எதிரே தெரிகிறது. நானறிந்தவரை இயற்பியலில் இவ்வளவு சின்னக் கணக்கு இவ்வளவு பெரிய விஷயத்தைக் காட்டுவது அபூர்வம். தயார் நிரலை ஓட்டாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான்.

படி 6: பங்குகளை மாற்றிப் பாருங்கள்

இருள் ஆற்றலே இல்லை, பொருள் மட்டும்தான் என்று வையுங்கள்: ப = 1, இ = 0. வயது ஹபிள் காலத்தில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு, 931 கோடி. ஆனால் மிகப் பழைய கோளக் கொத்துகளில் (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டங்களில்) உள்ள விண்மீன்களின் வயது 1200 கோடி ஆண்டுக்கு மேல். பிள்ளை அப்பனை விட மூத்தவன் என்று வந்து நிற்கிறது. 1990-களில் இது அண்டவியலின் பெரிய தலைவலியாக இருந்தது.

ப = 2, இ = 0 என்று போடுங்கள். வளைவு −1 ஆகிவிடும். வேகம் √(2/அ − 1). அ = 2 வரும்போது வேகம் சுழி. அண்டம் இன்றைய அளவில் இருமடங்கு வரை விரிந்து, நின்று, திரும்பச் சுருங்கும். எதுவுமே இல்லாத வெற்று அண்டத்தையும் போடலாம்: வேகம் எப்போதும் 1, வயது 1397 கோடி.

நம் 0.3, 0.7 மாதிரியில் அட்டவணையை அ = 1-க்கு அப்பால் நீட்டினால் பொருளின் பத்தி தேய்ந்து, இருள் ஆற்றல் மட்டும் மிஞ்சும். அந்தத் தொலைவான எதிர்காலத்தில் தூரங்கள் ஒவ்வொரு 1157 கோடி ஆண்டுக்கும் இரட்டிக்கும்.

படி 7: வானத்தோடு ஒப்பிடுதல்

மாதிரி சரியா என்று வானம்தான் சொல்ல வேண்டும். வயதை விடக் கூர்மையான சோதனை தூரம். ஒளி நம்மை வந்து சேர்ந்த வழியைச் செம்பெயர்ச்சித் துண்டுகளாக வெட்டி, இன்றைய ஹ-வுக்கும் அன்றைய ஹ-வுக்கும் உள்ள விகிதத்தை மேலே செய்தது போலவே கூட்டி, ஒளிவேகம்/ஹ (4283 மெகாபார்செக்) என்பதால் பெருக்கினால் தூரம் வரும். பிரகாசக் கணக்குக்கு அதை மேலும் (1 + செ)-ஆல் பெருக்க வேண்டும்; அதுதான் பிரகாசத் தூரம்.

செ = 0.5-ல் ஒரு சூப்பர்நோவா, அதாவது வெடிக்கும் விண்மீன். பொருள் மட்டுமுள்ள மாதிரியில் பிரகாசத் தூரம் 2358 மெகாபார்செக். 0.3, 0.7 மாதிரியில் 2833. இரண்டாவதில் 20 சதவீதம் அதிகம். ஒளி தூரத்தின் வர்க்கத்தில் மங்குவதால் சூப்பர்நோவா 31 சதவீதம் மங்கலாகத் தெரியும். வானியலாளர் பிரகாசத்தை அளக்கும் பொலிவெண்ணில் சொன்னால் 0.4 வித்தியாசம். சால் பெர்ல்மட்டர் தலைமையில் ஒரு குழுவும், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் இருந்த இன்னொரு குழுவும் 1998-ல் சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததை விட மங்கலாக இருப்பதை அறிவித்தன. பொருள் மட்டுமுள்ள மாதிரி அன்றோடு விழுந்தது.

இப்படி ஒரு மாதிரியை வானத்தோடு உரசிப் பார்த்த வேலை நமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறினால் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டி 1970-ல் இயங்கத் தொடங்கியது. அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன் மேல் கிடத்தியதால், அதன் சுழல் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகவே அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். தொலைதூர ரேடியோ மூலங்களை நிலா மறைக்கும் நொடிகளை வைத்து அவற்றின் கோண அளவை அளந்தார்கள். அண்டம் விரிந்தாலும் எக்காலத்திலும் ஒரே தோற்றத்தில் இருக்கும் என்ற நிலைபேற்றுக் கோட்பாட்டில் ஹ மாறவே மாறாது, பழைய மூலங்களும் இன்றையவை போலவே இருக்க வேண்டும். ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975-ல் வெளியிட்ட அளவீடுகள் அதற்குப் பொருந்தவில்லை. பழங்காலத்து மூலங்கள் இன்றையவற்றிலிருந்து வேறுபட்டிருந்தன. ஊட்டிக்குப் போகிறவர்கள் பூங்காவோடு திரும்பிவிடாமல், சாலையிலிருந்தாவது அந்த இரும்புச் சட்டங்களைப் பார்த்துவிட்டு வரலாம்.

படி 8: இன்றைய எண்களும், தீராத வழக்கும்

அண்டத்தின் தொடக்கக் கால ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 முடிவுகளை இடுங்கள்: ஹ = 67.4, ப = 0.315, இ = 0.685. ஹபிள் காலம் 1451 கோடி, பெருக்க வேண்டிய எண் 0.951, வயது 1380 கோடி. செய்திகளில் படிக்கும் அந்த எண் இப்படித்தான் வருகிறது.

ஆனால் அருகிலுள்ள கேலக்ஸிகளின் தூரத்தைப் படிப்படியாக அளந்து வருபவர்களுக்கு ஹ 73-ஐ ஒட்டிக் கிடைக்கிறது. ப = 0.3-ஓடு போட்டால் வயது 1291 கோடியாகச் சுருங்கும். இரு தரப்பும் தங்கள் பிழை எல்லை இந்த இடைவெளியை விடச் சிறியது என்கின்றன. அளவீட்டில் குறையா, சமன்பாட்டில் ஏதோ ஓர் உறுப்பு விட்டுப்போயிருக்கிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

உறுப்பை மாற்றிப் பார்க்க விரும்புபவர்கள் தொட வேண்டிய இடம் இருள் ஆற்றல்தான். அது மாறாதது என்பதை விட்டுவிட்டு, அதன் அழுத்தத்துக்கும் ஆற்றல் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தை 'வி' என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது அதன் அடர்த்தி அ-வின் −3(1 + வி) அடுக்கில் மாறும். வி = −1 என்றால் பழைய மாறிலியே திரும்ப வரும். இருள் ஆற்றல் காலத்தோடு மாறுகிறதோ என்ற ஐயத்தை டெசி ஆய்வுக் குழு 2024-லிருந்து வெளியிட்டுவரும் கேலக்ஸி வரைபட அளவீடுகள் எழுப்பியிருப்பதால், இந்தச் சோதனைக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது.

அதே பத்து வரி அட்டவணையில் மூன்றாம் பத்தியை மட்டும் மாற்றுங்கள். வி = −0.9 என்றால் 0.7 × அ² இருந்த இடத்தில் 0.7 × அ^1.7. கூட்டுத்தொகை 9.52 வர வேண்டும். வயது 1352 கோடியிலிருந்து 1330 கோடியாகக் குறையும். அது வந்துவிட்டால் வி-யை −1.1 ஆக்கி வேகப் பத்தியின் அடிமட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.